மெஷினைத் தள்ளிப்போடுங்கள், சாம்பிளைத் தள்ளிப்போடாதீர்கள்

வாசகர் கேள்வி: திருப்பூரில் நடுத்தர ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் ஃபேக்டரி மேனேஜராக இருக்கிறேன். 140 தையல் மெஷின்கள். எல்லாமே காட்டன் டீ-சர்ட், பெரும்பகுதி அமெரிக்க பையர்களுக்கு. 2025-இல் வரி ஏறியதிலிருந்து ஆர்டர் எப்போது வரும், என்ன விலைக்கு வரும் என்று ஒன்றும் சொல்ல முடியவில்லை. முதலாளியின் மகள் எம்.பி.ஏ. முடித்து வந்திருக்கிறார். பாலியெஸ்டர் ஸ்போர்ட்ஸ்வேருக்குப் போகலாம், நிட்டிங் மெஷின், ஸ்பெஷல் தையல் மெஷின் எல்லாம் சேர்த்து 1 கோடியே 20 லட்சம் போடலாம் என்கிறார். ஒரு கன்சல்டன்ட் ஐந்து வருட லாபக் கணக்கும் போட்டுக் கொடுத்துவிட்டார். முதலாளியோ, “வரி விஷயம் தெளியட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்கிறார். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். 2022-இல் ஆசையாக வாங்கிய டிஜிட்டல் பிரிண்டிங் மெஷின் ஒன்று தார்ப்பாய் போட்டு மூலையில் கிடக்கிறது. ‘புதுசு’ என்று எதைச் சொன்னாலும் லைனில் அதைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். எதுவுமே நிச்சயமில்லாத நேரத்தில் புது முயற்சியை ஒரு மேனேஜர் எப்படி எடுத்துச் செல்வது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை முதலாளி பக்கம் நின்றேன், இரண்டாம் முறை மகள் பக்கம். அப்புறம்தான் பிடிபட்டது, இருவரும் ஒரே விஷயத்துக்காக வாதாடவில்லை. அப்பா மெஷின் வாங்குவதைப் பற்றிப் பேசுகிறார். மகள் புதுச் சரக்கைக் கற்றுக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறார். இரண்டையும் ஒரே கோப்பில் போட்டு, 1 கோடியே 20 லட்சம் என்று ஒரே விலைச்சீட்டு ஒட்டியதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பிரித்துவிட்டால் பாதித் தலைவலி குறையும். மெஷின் என்பது போட்டால் போட்டதுதான். மறுமாதமே தவணை ஓடத் தொடங்கிவிடும். நிலைமை கலங்கிக் கிடக்கும்போது அப்படிப்பட்ட செலவைத் தள்ளிப்போடுவதில் தப்பே இல்லை. முதலாளி சொல்வது சரி. ஆனால் பாலியெஸ்டர் துணியை நம் டைலர் தைத்தால் என்ன ஆகும், நம்மிடம் அதை யார் வாங்குவார்கள் என்று தெரிந்துகொள்ள வரி தெளிய வேண்டியதில்லை. அதையும் சேர்த்துத் தள்ளிப்போட்டால், வரி தெளிகிற அன்றைக்கும் நீங்கள் இன்று நிற்கும் இடத்தில்தான் நிற்பீர்கள். அங்கே மகள் சொல்வது சரி.

‘தெளியட்டும்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி இந்தியச் சரக்குக்கு 26 சதவீதக் கூடுதல் வரி என்று அமெரிக்கா அறிவித்தது. ஒரு வாரத்தில் அதை 90 நாள் நிறுத்திவைத்து 10 சதவீதம் என்றார்கள். ஆகஸ்ட் 7-இல் 25 ஆனது, 27-ஆம் தேதி 50 ஆனது. ஐந்தே மாதத்தில் நான்கு எண்கள். இந்த வரிசையை முன்கூட்டியே கணித்தவர் யாராவது இருந்தால் அவர் திருப்பூரில் பனியன் தைத்துக்கொண்டிருக்க மாட்டார். ஆக, தெளியும் என்று காத்திருப்பது பஸ் வரும் என்று காத்திருப்பது போன்றதல்ல. பஸ்ஸுக்கு ஒரு நேரமாவது இருக்கிறது.

ஃபிராங்க் நைட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1921-லேயே இந்த வேறுபாட்டைச் சொல்லிவைத்தார். நிகழ்தகவைக் கணக்கிட முடிந்த ஆபத்து ஒரு வகை, கணக்கே போட முடியாத நிச்சயமின்மை இன்னொரு வகை என்றார். உங்கள் பாஷையில் சொன்னால், தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் எத்தனை பேர் எத்தனை நாள் கழித்துத் திரும்புவார்கள் என்பது முதல் வகை. பழைய மஸ்டரை, அதாவது வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் ஏறக்குறையச் சொல்லிவிடுவீர்கள். அதற்கு ஏற்ப ஷிப்மென்ட் தேதியைத் தள்ளி வைத்துக்கொள்வீர்கள். அடுத்த வருடம் அமெரிக்க வரி எவ்வளவு என்பது இரண்டாம் வகை. அதற்குப் புரட்டிப் பார்க்க மஸ்டர் கிடையாது. நான் பார்த்தவரை மேனேஜர்கள் செய்யும் பெரிய தப்பு, இரண்டாம் வகைக்கும் முதல் வகைக்கான கருவியையே எடுப்பதுதான். ஐந்து வருட எக்செல் கணக்கு அப்படிப்பட்ட ஒரு கருவி.

கன்சல்டன்டைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படிக் கணக்குப் போட்டவன்தான். இருபது வருடம் முன்பு கோவைப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் காஸ்ட் அக்கவுன்டன்டாக இருந்தேன். வீட்டு உபயோகத்துக்குப் பிளாஸ்டிக் கேசிங் போட்ட சின்ன மோனோபிளாக் பம்ப் கொண்டுவரலாம் என்று ஒரு யோசனை வந்தது. முதல் வருடம் எத்தனை போகும் என்று சேல்ஸ் மேனேஜரிடம் கேட்டேன். கேன்டீனில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, “ஒரு ஆறாயிரம் போகுமுங்க” என்றார். 6,000 என்று அடித்தேன். இரண்டாம் வருடத்துக்கு அதை ஒன்றரையால் பெருக்கினேன், 9,000 வந்தது. அந்தத் தாள் டைரக்டர் மேஜைக்குப் போனபோது டீ கிளாஸ் காணாமல் போய்விட்டது, எண் மட்டும் நின்றது. அதை வைத்து மோல்டு போட்டார்கள். மூன்று வருடம் கழித்து ஸ்டோரில் பிளாஸ்டிக் கேசிங் மூட்டை மூட்டையாக எலிக்கு வீடாகிக் கிடந்தது. ஒவ்வொரு ரிவியூ மீட்டிங்கிலும் “அடுத்த குவார்ட்டர் பிக்கப் ஆயிடும்” என்றோம். எப்போது நிறுத்துவது என்று எந்தத் தாளிலும் நாங்கள் எழுதியிருக்கவில்லை. எழுதாததால், நிறுத்தச் சொல்பவர் அந்த புராஜெக்ட்டின் எதிரி ஆகிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

அதனால் உங்கள் கன்சல்டன்டின் எக்செலைத் தூக்கி எறிய வேண்டாம், தலைகீழாகப் பிடியுங்கள். ரீட்டா மெக்ராத், இயன் மெக்மிலன் என்ற இரு பேராசிரியர்கள் 1995-இல் சொன்ன வழி இது. என்ன லாபம் வரும் என்று கீழே போகாமல், இந்த லாபம் வர வேண்டுமானால் எதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று மேலே போவது. அவர்கள் காட்டிய உதாரணம் 1992-இல் பாரிஸ் பக்கத்தில் திறந்த யூரோ டிஸ்னி. வருகிறவர்கள் ஓட்டலில் சராசரியாக நான்கு நாள் தங்குவார்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள், தங்கியது இரண்டே நாள். பெரிய டிஸ்னி பூங்காவில் இருந்த அளவுக்கு ரைடுகள் அங்கே இல்லை, பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். சாப்பாட்டு விஷயம் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் ஜனங்கள் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பார்கள், அந்தக் கணக்கில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஐரோப்பியர்களுக்கு மதியச் சாப்பாடு என்றால் மதியச் சாப்பாடு. பன்னிரண்டரை மணிக்கு எல்லாரும் ஒன்றாக வந்து நின்றார்கள். வேறு ஊரில் பல வருடம் வேலை செய்த எண்தான், இந்த ஊருக்கு அது வெறும் நம்பிக்கை. அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். போட்ட பணத்துக்கு வருடம் 30 லட்சம் லாபம் வேண்டும் என்று மகள் எதிர்பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். பீஸுக்கு 15 ரூபாய் நின்றால் வருடத்துக்கு 2 லட்சம் பீஸ். 300 வேலை நாள் என்றால் தினம் சுமார் 670 பீஸ், நாள் தவறாமல். இதுவரை ஒரு பாலியெஸ்டர் பீஸ்கூடத் தைக்காத டைலர்கள் தினம் 670 தருவார்களா? ஒரு புது பையர் முதல் தடவை நம்பிக் கொடுப்பது சில ஆயிரம் பீஸ்தான், அப்படியானால் 2 லட்சத்துக்கு எத்தனை பையர் வேண்டும்? 15 ரூபாய் நிற்கும் என்று யார் சொன்னார்கள், எங்கே டீ குடித்துக்கொண்டு சொன்னார்கள்?

எக்செலைத் திறந்து, உங்கள் கம்பெனியில் யாரும் கண்ணால் பார்க்காத எண் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதற்கெல்லாம் மஞ்சள் அடியுங்கள். முக்கால்வாசி மஞ்சளாகிவிடும், பயப்பட வேண்டாம். பிறகு ஒவ்வொரு மஞ்சளுக்கும் இரண்டு கேள்வி. இது தப்பானால் மொத்தத் திட்டமும் விழுமா? இதைச் சோதிக்க எவ்வளவு செலவாகும்? விழவைக்கக்கூடியதாகவும், சோதிக்கச் செலவு கம்மியாகவும் இருப்பதை முதலில் எடுங்கள்.

சில மஞ்சளுக்குச் செலவே கிடையாது, ஒரு போன் போதும். உதாரணமாக, 50 சதவீதம் வந்ததெல்லாம் கூடுதல் வரி. அதற்கு அடியில் வழக்கமான இறக்குமதி வரி ஒன்று எப்போதும் இருக்கிறது. அமெரிக்காவில் காட்டன் டீ-சர்ட்டுக்கு அது 16.5 சதவீதம், செயற்கை இழை டீ-சர்ட்டுக்கு 32 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது மகளின் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவரை இன்னும் கொஞ்சம் நம்பலாம். இல்லையென்றால் அமெரிக்காவை விட்டு வேறு பக்கம் யோசிக்க இதுவே ஒரு காரணம். பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் ஆயத்த ஆடைக்கு வரியை நீக்குவது. உங்கள் பையர் பட்டியலில் அங்கிருந்து யாரும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

பாலியெஸ்டர் பக்கம் போவதே தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உலகத்தில் தயாராகும் இழையில் பாதிக்கும் மேல் பாலியெஸ்டர், பருத்தி ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கிறது. திருப்பூர் பெரும்பாலும் வெயில்கால காட்டனை நம்பியே இருப்பதால் வருடத்தில் சில மாதம் லைன் தொய்ந்துபோவது உங்களுக்குத் தெரியும். 2022 மே மாதம் பஞ்சு விலை கண்டிக்கு (சுமார் 356 கிலோ) ஒரு லட்சத்தைத் தாண்டியபோது எல்லாரும் பட்ட பாடும் தெரியும். மகள் காட்டும் திசை சரியான திசைதான். அந்தத் திசையில் முதல் அடியே கோடிக் கணக்கில் ஏன் இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். சூரத்திலோ லூதியானாவிலோ இருந்து சாயம் போட்டு ஃபினிஷ் ஆன பாலியெஸ்டர் ஸ்பான்டெக்ஸ் (இழுத்தால் நீளும்) துணி 300 கிலோ வாங்குவேன். கிலோ 400 என்று வைத்தால் 1,20,000. தையல் புடைக்காமல் தட்டையாகத் தைக்கும் ஃபிளாட்சீமர் மெஷின் இரண்டை வாடகைக்கு எடுப்பேன், அதற்கும் ஊசி, நூலுக்கும் சேர்த்து 60,000. டைலர் எட்டு பேர், ஹெல்ப்பர் இரண்டு பேர், ஷிப்ட்டுக்கு 700 வீதம் 40 நாள், 2,80,000. லேப் டெஸ்ட், சாம்பிள் கூரியர், பிரிண்ட் சோதனை 90,000. மொத்தம் ஐந்தரை லட்சம். விலையெல்லாம் உங்கள் மார்க்கெட்டுக்கு ஏற்ப நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், தொகை எந்த அளவில் இருக்கும் என்று காட்டத்தான் சொன்னேன். பீஸுக்கு 200 கிராம் என்றால் 1,500 டீ-சர்ட் வரும். பையர் சாம்பிள் போக மிச்சத்தை உள்ளூர்ச் சந்தையான காதர்பேட்டையில் தள்ளினால் துணிக்காசில் ஒரு பகுதியாவது திரும்பும்.

இந்த ஐந்தரை லட்சத்தைக் கடன் வாங்கிப் போடாதீர்கள். ‘எவ்வளவு வரும்’ என்று கேட்டு இந்தத் தொகையை முடிவு செய்யவும் வேண்டாம். சரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியர், அனுபவப்பட்ட 27 தொழில்முனைவோர் எப்படி யோசிக்கிறார்கள் என்று அவர்களை வாய்விட்டு யோசிக்கச் சொல்லிக் கேட்டு ஆராய்ந்தவர். 2001-இல் எழுதினார். அவர்கள் வரப்போகும் லாபத்தைக் கணித்துக்கொண்டு இறங்குவதில்லை, போனால் தாங்கக்கூடியது எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு இறங்குகிறார்கள் என்பது அவர் கண்டது. நம்மூரில் இதற்கு எளிதான அளவுகோல் இருக்கிறது. இந்தப் பணம் சுத்தமாகப் போனாலும் தீபாவளி போனஸ் சொன்ன தேதியில் கொடுக்க முடியுமா? முடியும் என்றால் அது தாங்கும் தொகை. 1 கோடியே 20 லட்சத்துக்கு இதே கேள்வியை முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். அவர் ஏன் ‘தெளியட்டும்’ என்கிறார் என்பது மகளுக்கும் புரிந்துவிடும்.

சின்னச் சோதனை என்ன சொல்லித் தரும் என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். சிவப்பு பாலியெஸ்டர் டீ-சர்ட்டில் நெஞ்சில் வெள்ளை எழுத்து. காட்டனுக்கு அடிக்கும் அதே பிளாஸ்டிசால் இங்க், இங்க்கை இறுகவைக்கும் அதே க்யூரிங் சூடு, ஏறக்குறைய 160 டிகிரி. அடித்து முடித்ததும் பளிச்சென்று இருக்கும், செக்கிங்கில் பாஸ் ஆகும், மடித்துப் பெட்டியில் வைப்பீர்கள். சில நாள் கழித்துத் திறந்தால் வெள்ளை எழுத்து ரோஸ் கலரில் சிரிக்கும். பாலியெஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயம் சூட்டில் ஆவியாகி இங்க்குக்குள் ஏறிவிடும். காட்டன் சாயம் இப்படிச் செய்வதில்லை. இதற்குத் தனி இங்க் இருக்கிறது, கம்மிச் சூட்டில் க்யூர் ஆகும் வகையும் இருக்கிறது, தீராத பிரச்சினை இல்லை. ஆனால் இதை 1,500 பீஸில் கண்டுபிடிப்பது பாடம். 40,000 பீஸ் கன்டெய்னரில் போன பிறகு பையர் போட்டோ எடுத்து அனுப்பிக் கண்டுபிடிப்பது வேறு விஷயம். எந்த எக்செலிலும் இதற்கு ஒரு கட்டம் இருக்காது. ஊசியும் இப்படித்தான். வேகமாக ஓட்டினால் சூடேறி இழையை உருக்கும். தைத்த கையில் தெரியாது, துணியை இழுத்துப் பிடித்தால் தையல் ஓரமாகப் பொட்டுப் பொட்டாக ஓட்டை தெரியும்.

சாயத்தையும் இந்த நேரத்தில் விசாரித்துவிடுங்கள். காட்டனுக்கு 60 டிகிரி, உப்புப் போட்டு. பாலியெஸ்டருக்கு 130 டிகிரி, பிரஷர் மெஷின் வேண்டும், உப்பு வேண்டாம். உங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து தரும் டையிங்கில் அந்த மெஷின் இருக்கிறதா, உங்கள் அளவு சின்ன லாட்டை எடுப்பார்களா? துணியை வெளியூரில் இருந்தே வாங்குவது கடைசிவரை கட்டுபடி ஆகும் என்று தெரிந்தால் நிட்டிங் மெஷினே வேண்டாம், திட்டத்தில் பெரும்பகுதிப் பணம் அங்கேயே மிச்சம். இதுவும் ஒரு மஞ்சள் கட்டம்தான்.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். மேற்சொன்னதையெல்லாம் மகளே படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஃபேக்டரி மேனேஜரால் மட்டுமே செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. புது முயற்சிகள் பல இடத்தில் சாவது மார்க்கெட்டில் அல்ல, லைனில்.

பீஸ் ரேட்டில் இருக்கும் டைலருக்குப் புதுத் துணி என்றால் என்ன அர்த்தம்? வழுக்குகிற துணி, தெரியாத மெஷின், நாளுக்குப் பாதி பீஸ்கூட வராது, சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரியும். கம்பெனி கற்றுக்கொள்வதற்கான செலவை அவர் தலையில் கட்டினால் அவர் ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்? ‘ஆளுங்க மாற மாட்டேங்கிறாங்க’ என்று மீட்டிங்கில் சொல்வோம். நம் ஆட்கள் காசு கணக்கில் தெளிவானவர்கள், அவ்வளவுதான். அதனால்தான் மேலே ஷிப்ட் சம்பளத்தில் கணக்குப் போட்டேன். அவர்கள் வழக்கமாக பீஸ் ரேட்டில் சம்பாதிப்பதைவிட ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது.

அதேபோல் அந்தப் பத்துப் பேரை தினசரி எஃபிஷியன்சி போர்டில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் உங்கள் சதவீதம் விழும், நீங்களே ஒரு வாரத்தில் அவசர ஷிப்மென்ட் என்று சொல்லி அவர்களைப் பழைய லைனுக்கு இழுத்துவிடுவீர்கள். உங்கள் மீது சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. ஜேம்ஸ் மார்ச் என்ற அறிஞர் 1991-இல் இதைத்தான் எழுதினார்: தெரிந்த வேலையின் பலன் சீக்கிரம் வரும், கண்ணுக்குத் தெரியும். தேடலின் பலன் தாமதமாக, நிச்சயமில்லாமல் வரும். இரண்டையும் ஒரே தராசில் போட்டால் தேடல் எப்போதும் தோற்கும். ஒரு மூலையில் ஒரு தடுப்பு வையுங்கள், தனிப் பலகை வையுங்கள். அதில் எத்தனை பீஸ் என்று எழுத வேண்டாம். இன்று என்ன கெட்டுப்போனது, ஏன் என்று எழுதச் சொல்லுங்கள்.

ஆட்களைப் பொறுக்கும்போது, அந்தத் தார்ப்பாய் மெஷினைக் காட்டி அதிகம் சிரிக்கிற டைலர் யாரோ அவரை முதலில் சேருங்கள். எது ஓடாது என்று முதல் நாளே வாய்விட்டுச் சொல்லக்கூடியவர் அவர்தான். ‘எல்லாம் நல்லா வருதுங்க சார்’ என்று சொல்கிறவர் இந்த 40 நாளில் உங்களுக்கு உதவ மாட்டார்.

மறக்காமல் நிறுத்தும் கோட்டை முன்கூட்டியே எழுதுங்கள். பம்ப் கம்பெனியில் நான் எழுதாமல் விட்டது இதைத்தான். ஒரு பக்கம் போதும், முதலாளியும் மகளும் கையெழுத்துப் போடட்டும். 40-ஆம் நாள் டைலர் ஒருவர் தரும் பீஸ், காட்டனில் தருவதில் குறைந்தது 60 சதவீதத்தைத் தொட வேண்டும். ரிஜெக்ஷன் 5 சதவீதத்துக்குள் வர வேண்டும். சாம்பிள் அனுப்பிய பையர்களில் ஒருவராவது விலை பேச வேண்டும்; ‘நைஸ்’ என்று மெயில் போடுவது கணக்கில் வராது. இந்த எண்களை நான் சும்மா வைத்தேன், நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றும் வந்தால் அடுத்த கட்டம் ஒரு சின்ன நிஜ ஆர்டர், அதுவும் வாடகை மெஷினிலேயே. அதே பையர் இரண்டாம் முறை ஆர்டர் கொடுத்தால் அன்றைக்கு மெஷின் பேச்சை எடுக்கலாம். வராவிட்டால் 41-ஆம் நாள் வாடகை மெஷின் திரும்பிப் போக வேண்டும், யாரும் யாரையும் குற்றம் சொல்லாமல். முதலாளியின் ‘தெளியட்டும்’ என்பதற்கும் இதனால் ஒரு உருவம் கிடைக்கும். வாஷிங்டனில் என்ன தெளிகிறது என்று பார்த்துக்கொண்டிருக்காமல், உங்கள் ஃபேக்டரியில் எது தெளிந்தால் பணம் போடுவோம் என்று அவரே சொன்னதாக ஆகும்.

சின்னதாகத் தொடங்குவது எப்போதும் முடியுமா என்றால், முடியாது. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது யாரும் 300 கிலோ சோதனை பேசிக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாமல் ஓட்டு, இல்லாவிட்டால் மூடு என்று ஆகிவிட்டது. அந்த வழக்கு பல வருடமாக நடந்துகொண்டிருந்தது, திடீரென்று வந்த இடி இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கட்டாயத்தில் பெரிதாக இறங்கியவர்களும் போகப்போகத்தான் கற்றுக்கொண்டார்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ.வில் மிஞ்சும் உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து ஆவியாக்கியே தீர வேண்டும் என்று இருந்தது, பிறகு அதைச் சுத்தப்படுத்தி மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்பலாம் என்று ஆனது. உங்களுக்கு இன்று அந்த மாதிரிக் கட்டாயம் இல்லை. 40 நாள் எடுத்துக்கொள்ள நேரம் இருக்கிறது. அந்த வசதியை வீணாக்க வேண்டாம்.

அரசு உதவி பற்றி நீங்கள் கேட்கவில்லை, முதலாளி கேட்பார். செயற்கை இழை ஆடைக்கான பி.எல்.ஐ. (உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகை) திட்டம் 2021-இல் வந்தபோது குறைந்தபட்ச முதலீடே 100 கோடி. பிறகு தளர்த்தினாலும் உங்கள் தொகை அதன் பக்கம்கூடப் போகாது. அதை எதிர்பார்த்துத் திட்டம் போட வேண்டாம்.

கடைசியாக அந்த டிஜிட்டல் பிரிண்டிங் மெஷின். தார்ப்பாயை எடுத்துவிட்டு, அதை வாங்கியபோது எதை நம்பி வாங்கினோம் என்று முதலாளியும் நீங்களும் கால் மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். எந்த ஆர்டரை நினைத்து, யார் சொல்லி, தினம் எத்தனை பீஸ் ஓடும் என்று. யாரையும் நிறுத்திவைத்துக் கேட்க அல்ல, அடுத்த எக்செலில் அதே கட்டங்கள் வருகிறதா என்று பார்க்க. அது அனேகமாக காட்டனுக்கான மெஷினாக இருக்கும், புதுச் சோதனைக்குப் பயன்படாது. அதனால் இந்த வாரமே செகண்ட் ஹேண்ட் மெஷின் வியாபாரி இரண்டு பேரைக் கூப்பிட்டு விலை கேளுங்கள், விற்கிறீர்களோ இல்லையோ. அவர்கள் சொல்லும் தொகையை வாங்கிய விலைக்குப் பக்கத்தில் எழுதி மகளிடம் கொடுங்கள். புது மெஷின்களைத் திருப்பி விற்றால் என்ன கிடைக்கும் என்று கன்சல்டன்டின் கணக்கில் ஒரு கட்டம் இருக்கும், இல்லையென்றால் இருக்க வேண்டும். அந்தக் கட்டத்துக்கு உங்கள் ஃபேக்டரியிலேயே கண்ணால் பார்த்த முதல் எண் அது.